மூளை, முள்ளந்தண்டு சத்திரசிகிச்சையின்போது நரம்புக் கண்காணிப்பு: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பிலோ கண்டியிலோ சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்திருக்கும். சம்மதப் படிவத்தில் "நியூரோ மொனிட்டரிங்" என்று ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்துவிட்டு வருபவர்கள் கேட்கும் கேள்விகள்தான் இங்கே உள்ளன. கிண்ணியா, மூதூர், குச்சவெளி, தம்பலகாமம் என்று எங்கிருந்து வந்தாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். முற்பகுதி நோயாளருக்கும் வீட்டாருக்கும் உரியது. பிற்பகுதியில் தியேட்டரில் நிற்கும் தாதியரும் இளம் வைத்தியர்களும் கேட்கும் அளவுகள் வருகின்றன. வீட்டார் அதையும் படிக்கலாம், ஒளிக்க ஒன்றுமில்லை.

நரம்புக் கண்காணிப்பு என்றால் என்ன?

மயக்கத்தில் கிடப்பவரிடம் "அம்மா, கால் விரலை ஆட்டுங்கோ" என்று சொல்ல முடியாது. ஆனால் முண்ணாணுக்கு ஓரிரு மில்லிமீற்றர் பக்கத்தில் திருகாணி இறங்கும் நேரத்தில், அல்லது முக நரம்போடு ஒட்டிய கட்டியை உரித்தெடுக்கும் நேரத்தில், கால் வேலை செய்கிறதா, முகம் வேலை செய்கிறதா என்று அந்த நிமிடமே தெரிந்தாக வேண்டும். ஆள் விழித்த பிறகு தெரிந்தால் பல வேளைகளில் காலம் கடந்துவிடும்.

அதனால் நரம்பிடமே கேட்கிறோம். கணுக்காலில் சிறிய மின்துடிப்பு ஒன்றைக் கொடுத்தால் அது முண்ணாண் வழியே ஏறி உச்சந்தலைக்கு வந்து சேரும். அங்கே குத்தியிருக்கும் மெல்லிய ஊசி அதைப் பிடித்துத் திரையில் அலையாகக் காட்டும். உணர்ச்சிப் பாதையைப் பார்க்கும் இந்த முறையைத் தியேட்டரில் எஸ்.எஸ்.ஈ.பி என்பார்கள். எம்.ஈ.பி இதற்கு எதிர்த்திசை. தலையில் துடிப்பைக் கொடுத்து, கையிலும் காலிலும் தசை துள்ளுகிறதா என்று பார்ப்பது. இது அசைவுப் பாதைக்கு. மூன்றாவது ஈ.எம்.ஜி. நரம்பை யாராவது இழுத்தாலோ உரசினாலோ அதன் தசை படபடக்கும், அந்தப் படபடப்பை ஒலிபெருக்கியில் கேட்கலாம். காது நரம்புக்கென்று வேறொரு முறை உண்டு: காதுக்குள் "டிக், டிக்" என்று ஒலி கொடுத்து மூளைத்தண்டின் அலைகளைப் பார்ப்பார்கள்.

இந்த அலைகளைப் பெரும்பாலும் மற்றவர்களின் சராசரியோடு ஒப்பிடுவதில்லை. உங்கள் அலை, சத்திரசிகிச்சை தொடங்கும் முன் எடுத்த உங்கள் அலையோடுதான் ஒப்பிடப்படும். அதைத் தொடக்க அளவு என்போம். கீழே வரும் அநேக பதில்கள் இந்தத் தொடக்க அளவைச் சுற்றியே இருக்கும்.

எல்லா முதுகுச் சத்திரசிகிச்சைக்கும் இது வேண்டுமா?

இல்லை. நாரியில் ஒரு தட்டு விலகி நரம்பை அழுத்துகிறது, அதை மட்டும் எடுக்கப் போகிறார்கள் என்றால் பெரும்பாலும் தேவைப்படாது. படிவத்தில் இது இல்லையென்று பதற வேண்டாம்.

முக்கியமாகத் தேவைப்படுவது வளைந்த முள்ளந்தண்டை நிமிர்த்தும்போது, முண்ணாணுக்குள்ளேயே வளர்ந்த கட்டியை எடுக்கும்போது, கழுத்தில் முண்ணாண் நசிந்து கை கால் தளர்ந்தவர்களுக்கு. மூளையில் என்றால் அசைவுக்கும் பேச்சுக்கும் உரிய பகுதிகளை அண்டிய கட்டிகள், செவி நரம்புக் கட்டி, முகவலிக்காக நரம்பை அழுத்தும் குருதிக்குழாயை விலக்கும் சிகிச்சை, மூளைக் குருதிக்குழாய் வீக்கத்துக்குக் கவ்வி போடுவது.

இது இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள்?

ஆளை நடுவில் எழுப்பினார்கள். 1973இல் பிரான்சில் ஸ்தக்னாரா குழுவினர் வெளியிட்ட முறை அது. முள்ளந்தண்டை நிமிர்த்தியதும் மயக்கத்தைக் குறைத்து, முதலில் கையைப் பொத்தச் சொல்வார்கள், பிறகு காலை ஆட்டச் சொல்வார்கள். கை அசைந்து கால் அசையாவிட்டால் நிமிர்த்தியதைத் தளர்த்துவார்கள். இன்றும் அலை விழுந்து திரும்பி வராத இடத்தில் இதைச் செய்வதுண்டு. ஆகவே தமிழ் மட்டும் தெரிந்தவர் என்றால் "கையைப் பொத்துங்கோ", "காலை ஆட்டுங்கோ" என்று தமிழில் சொல்லக்கூடிய ஒருவர் தியேட்டரில் இருப்பாரா என்று முன்கூட்டியே கேளுங்கள். அந்த இரண்டு வசனங்களை முதல் நாளே நோயாளரோடு பழகிப் பார்ப்பது நல்லது. அரைமயக்கத்தில் பழகிய சொல்தான் காதில் ஏறும்.

மாற்றிவிடப்படும் இடத்தில் என்ன கேட்க வேண்டும்?

திருகோணமலையிலிருந்து பெரிய மூளை, முள்ளந்தண்டு சத்திரசிகிச்சைகளுக்குக் கொழும்பு, கண்டி தேசிய வைத்தியசாலைகள் போன்ற பெரிய இடங்களுக்கு அனுப்புவார்கள். கொழும்பு வீதியால் சுமார் 260 கிலோமீற்றர். திரும்பத் திரும்பப் போய்வரும் தூரமில்லை, எனவே முதல் கிளினிக்கிலேயே மூன்று விடயம் கேட்டுவிடுங்கள். எனக்குக் கண்காணிப்பு தேவையா, தேவையென்றால் எந்த வகை? திரையை முழு நேரமும் பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆள் இருப்பாரா? அலை விழுந்தால் என்ன செய்வீர்கள்?

இரண்டாவது கேள்வியைக் கேட்கத் தயங்காதீர்கள். இயந்திரம் தானாகக் காப்பாற்றாது. அலையைப் படிக்கத் தெரிந்தவர் முன்னால் இருந்து, தெரிந்ததை உடனே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

முதலே என்னென்ன சொல்ல வேண்டும்?

உங்கள் உடம்பில் ஏற்கெனவே உள்ள குறை எல்லாம். "இது பழைய விறைப்பு, இதை ஏன் சொல்வான்" என்று விட்டுவிடுகிறார்கள். வலது கால் பெருவிரல் 2 வருடமாக மேலே எழும்புவதில்லை என்றால், அங்கே தொடக்க அளவே சிறியதாக வரும். அது பழையது என்று தெரியாவிட்டால், ஊசி சரியில்லையோ, ஆளைக் கிடத்திய விதம் பிழையோ என்று அரை மணித்தியாலம் தேடுவார்கள். நேரெதிரான ஆபத்தும் உண்டு: உண்மையிலேயே புதிதாக வந்த குறையைப் பழையதென்று நினைத்துவிடலாம்.

பின்வருவன கட்டாயம் சொல்ல வேண்டியவை. காக்கை வலிப்பு எப்போதாவது வந்ததா? இதயத்தில் பேஸ்மேக்கர், காதுக்குள் பொருத்திய கருவி, மூளையில் வைத்த கருவி அல்லது கவ்வி உண்டா? மண்டையோட்டில் எலும்பு எடுத்த இடம், தகடு வைத்த இடம் உண்டா? தலையிலிருந்து கொடுக்கும் மின்துடிப்பைப் பற்றி முடிவெடுக்க இவை தேவை. வலிப்பு இருந்தால் செய்யவே கூடாது என்றில்லை, நன்மை தீமையை நிறுத்துப் பார்த்து முடிவெடுப்பார்கள். வலிப்புக் குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

எங்கள் பக்கத்தில் இன்னொன்றையும் கேட்டாக வேண்டியிருக்கிறது. யுத்தகாலத்தில் உடம்பில் தங்கிவிட்ட ஷெல் துண்டுகள். தலையிலோ முதுகிலோ ஒரு துண்டு இருந்தாலும், எத்தனை வருடம் சும்மா கிடந்தாலும் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ எடுப்பதற்கும் அது தெரிய வேண்டும், மண்டையோட்டில் துண்டு போன பாதை மின்துடிப்பின் வழியை மாற்றவும் கூடும். கால் இழந்தவர்களுக்குக் கணுக்காலில் கொடுக்கும் துடிப்பை முழங்காலின் பின்பக்கத்தில் கொடுக்கலாம். அதற்கான ஊசியும் வயரும் முன்பே ஆயத்தமாக இருந்தால் காலையில் தடுமாற்றம் இராது.

சீனி வருத்தம் நீண்ட காலம் உள்ளவர்களுக்குக் கால் நரம்பு மெலிந்திருக்கும், அலை சிறியதாகவும் தாமதமாகவும் வரும். கால் வீங்கியிருந்தால் தோலில் ஒட்டும் மின்வாய் போதாமல் ஊசி வைக்க நேரிடலாம். இரத்தத்தை இளக்கும் குளிசை, நாட்டு மருந்து, கசாயம் எல்லாவற்றையும் ஒரு துண்டில் எழுதிக் கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள்.

கடைசியாகப் பல். ஆட்டம் காணும் பல், கட்டுப்பல், உறை போட்ட பல். பல்லுக்கும் முதுகுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். எம்.ஈ.பி துடிப்பு தலையில் கொடுக்கப்படும்போது தாடைத் தசையும் சேர்ந்து இறுகும், வாய் "டக்" என்று கடிபடும். இந்த முறையால் வரும் காயங்களில் அதிகம் காணப்படுவது நாக்கும் உதடும் கடிபடுவதுதான். அதற்காகக் கடைவாய்ப் பற்களுக்கிடையே இரண்டு பக்கமும் கோஸ் துணியை இறுகச் சுருட்டி வைப்பார்கள். ஆடுகிற பல் எங்கே என்று தெரிந்தால் சுருளை அதற்கேற்ப வைக்கலாம். திகதிக்கு முன் நேரமிருந்தால் பல் வைத்தியரிடம் காட்டிவிட்டுப் போவது இன்னும் நல்லது. வெற்றிலை நெடுங்காலம் போட்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தலைக்கு எண்ணெய், மருதோன்றி, தாலி?

எண்ணெய் வேண்டாம். முதல் நாள் ஷாம்பு போட்டு முழுகி, நன்றாக உலர்த்துங்கள். எண்ணெய்ப் பிடிப்புள்ள தலையில் மின்வாய் ஒட்டாது, மின்தடை கூடும். பின்னல் போட்டால் தளர்வாக. முழுத் தலையையும் மழிக்கத் தேவையில்லை, ஊசிகள் முடிக்கு நடுவே நிற்கும்.

நகத்தில் மருதோன்றியோ பொலிஷோ இருந்தால் விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவி தடுமாறலாம், எனவே தவிர்ப்பது நல்லது. தாலிக்கொடி, மெட்டி, மூக்குத்தி, அரைஞாணில் உள்ள உலோகம் எல்லாம் கழற்ற வேண்டும். சத்திரசிகிச்சையில் இரத்தம் நிறுத்தப் பாவிக்கும் மின்கருவியின் ஓட்டம் உலோகம் தொடும் இடத்தில் சுட்டுவிடலாம். கழுத்தை வெறுமையாக விட மனமில்லாதவர்கள் வெறும் மஞ்சள் கயிறு கட்டலாமா என்று வார்ட் தாதியிடம் கேளுங்கள். கழுத்தில் சிகிச்சை இல்லையென்றால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

ஊசிகளும் மின்சாரமும் வலிக்குமா? ஆபத்தா?

ஆள் முழு மயக்கத்துக்குப் போன பிறகுதான் ஊசிகள் வைக்கப்படும். தோலுக்குக் கீழே ஒரு சென்ரிமீற்றர் அளவு போகும் மெல்லிய ஊசிகள். தலையில் வைப்பவை திருகாணி போல் சுருண்டிருக்கும். எடுக்கும்போது ஒரு துளி இரத்தம் வரலாம், பஞ்சால் ஒரு நிமிடம் அழுத்தினால் நிற்கும். எழும்பிய பிறகு கை, கால், நெற்றியில் சிவப்புப் புள்ளிகளோ சிறு கண்டலோ இருந்தால் அவை ஊசி வைத்த இடங்கள்.

எம்.ஈ.பிக்குத் தலையில் கொடுக்கும் துடிப்பு 500 வோல்ற்று வரை போகலாம் என்று கேட்டதும் வீட்டார் திகைப்பார்கள். சுவரில் வரும் 230 வோல்ற்றைவிடக் கூடத்தானே என்பார்கள். சுவர் மின்சாரம் பிடித்தால் விடாமல் ஓடிக்கொண்டேயிருக்கும். இங்கே ஒரு துடிப்பு நீடிப்பது ஒரு செக்கனில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 50 மைக்ரோசெக்கன். அப்படி ஐந்து துடிப்பு, பிறகு ஓய்வு.

விழித்தபடி மூளைச் சத்திரசிகிச்சை என்கிறார்கள். எந்த மொழியில் பேச வைப்பார்கள்?

பேச்சுப் பகுதியை அண்டிய கட்டி என்றால், மண்டையோட்டைத் திறந்த பின் ஆளை எழுப்பிப் பேசவைத்தபடி அகற்றுவார்கள். மூளைக்கு வலி உணர்வு இல்லை. தோலும் மூளையின் உறையும்தான் நோகும், அவற்றை ஊசி போட்டு விறைக்கச் செய்வார்கள். 5 மில்லிமீற்றர் இடைவெளியில் இரண்டு முனை கொண்ட கோலால் மூளையின் மேற்பரப்பை ஓரிரு மில்லியம்பியரில் தொட்டு, அரை மில்லியம்பியராகக் கூட்டுவார்கள், பெரும்பாலும் 6ஐத் தாண்டுவதில்லை. கோல் தொடும்போது படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்பார்கள். பதில் தடைப்பட்டால் அந்த இடத்தில் சிறிய இலக்கச் சீட்டு வைத்து, அதை விட்டுவிட்டு வெட்டுவார்கள். ஒரே இடத்தைத் தொடர்ந்து தொடாமல், இடைவிட்டு மூன்று தடவை சோதித்த பிறகுதான் முடிவு. கனடாவில் மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர்களான பென்ஃபீல்டும் போல்ட்ரியும் 1937இல் இவ்வாறு மின்னால் வரைந்த மூளை வரைபடம்தான் இந்த வேலைக்கெல்லாம் அடிப்படை.

மொழி விடயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். நீங்கள் வீட்டில் பேசும் மொழியில் சோதிக்க வேண்டும். இரண்டு மொழி பேசுபவருக்கு ஒரு மொழிக்கு உரிய இடமும் மற்றதற்கு உரிய இடமும் முழுதாகப் பொருந்தி வருவதில்லை. சிங்களத்தில் தடையின்றிச் சொன்ன இடம் தமிழுக்குத் தேவையான இடமாக இருக்கலாம். துறைமுகத்திலோ கடையிலோ நாளெல்லாம் சிங்களம் பேசுபவர் என்றால் இரண்டிலும் சோதிக்கச் சொல்லுங்கள்.

படங்களும் ஊருக்கேற்றவையாக இருக்க வேண்டும். சுளகின் படத்தை ஒருவர் சுளகென்பார், இன்னொருவர் முறம் என்பார், இரண்டும் சரி. கறியை ஆணம் என்பவரும் சரியே. அதனால் முதல் நாள் எல்லாப் படத்தையும் காட்டி, அவர் சொன்ன சொல்லை அப்படியே எழுதிக்கொள்வார்கள். அன்றே தெரியாத படம் அடுக்கிலிருந்து எடுக்கப்படும். தோணி, சுளகு, தேங்காய், ஏணி, குடை. "இது ஒரு தோணி" என்று முழு வசனமாகச் சொல்லப் பழக வேண்டும். ஏனென்றால் "இது ஒரு" என்று சொல்லிவிட்டுத் தோணியில் நின்றுவிட்டால் பெயர் வரவில்லை என்று பொருள். "இது" கூட வராவிட்டால் பேச்சே தடைப்பட்டிருக்கிறது. இரண்டும் வேறு வேறு இடம். வீட்டிலிருந்து படங்களைக் காட்டிப் பழக்கலாம், ஆனால் சொற்களைத் திருத்தாதீர்கள். அவருடைய சொல்தான் தொடக்க அளவு.

இடையில் வலிப்பு வந்தால் குளிர்ந்த ரிங்கர் கரைசலை மூளையின் மேல் ஊற்றுவார்கள், பெரும்பாலும் அதிலேயே அடங்கும். அதை எப்போதும் மேசையில் ஆயத்தமாக வைத்திருப்பார்கள்.

தியேட்டரில் உள்ளவர்களுக்கு: எஸ்.எஸ்.ஈ.பி அளவுகள் என்ன, ஏன் செக்கனுக்கு 4.7 துடிப்பு?

கையில் மணிக்கட்டின் நடு நரம்பு, காலில் உட்கணுக்கின் பின்புற நரம்பு. துடிப்பின் நீளம் 0.2 முதல் 0.3 மில்லிசெக்கன், ஓட்டம் பெரும்பாலும் 20 முதல் 40 மில்லியம்பியர். கையின் அலை ஏறக்குறைய 20 மில்லிசெக்கனிலும் காலின் அலை 37 முதல் 40 மில்லிசெக்கனிலும் தலையில் தோன்றும். உயரமானவருக்குக் கால் அலை இன்னும் பிந்தும். மின்தடை 5 கிலோஓமுக்குக் கீழே இருக்க வேண்டும்.

அலையின் உயரம் ஓரிரு மைக்ரோவோல்ற்று மட்டுமே. அதைவிடப் பல மடங்கு பெரிய இரைச்சலுக்குள்ளிருந்து பிரிக்க 200, 300 பதிவுகளைச் சராசரி எடுக்க வேண்டும். செக்கனுக்கு 5 துடிப்பு கொடுத்தால் நம் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சல் ஒவ்வொரு பதிவிலும் ஒரே இடத்தில் விழும், எத்தனை கூட்டினாலும் அழியாது. 4.7 என்று வைத்தால் ஒவ்வொரு தடவையும் வேறிடத்தில் விழுந்து ஒன்றையொன்று அழித்துவிடும். 300 பதிவுக்கு 64 செக்கன் எடுக்கும். ஆகவே திரையில் காண்பது எப்போதும் ஒரு நிமிடம் பழைய செய்தி என்பதைச் சத்திரசிகிச்சை நிபுணரும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

உயரம் பாதியாகக் குறைந்தால், அல்லது தாமதம் 10 வீதம் கூடினால் எச்சரிக்கை.

எம்.ஈ.பி எடுக்கும்போது எங்கே பிழைக்கிறது?

துடிப்பு ஐந்தைத் தொடராகக் கொடுக்க வேண்டும், இடைவெளி 2 முதல் 4 மில்லிசெக்கன். மயக்கத்தில் முண்ணாணின் அசைவுக்கலம் ஒற்றைத் துடிப்புக்கு எழும்பாது. தொடராக வந்து ஒன்றன்மேல் ஒன்று கூடினால்தான் எழும்பும். வோல்ற்றை 100இல் தொடங்கி 50 ஆகக் கூட்டிப் பாருங்கள், 200 முதல் 500க்குள் பெரும்பாலும் கிடைக்கும். பதிவு ஊசிகள் பெருவிரல் மேட்டிலும் முன்காலிலும் பாதத்தின் உட்புறத் தசையிலும். முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதியில் மட்டும் வேலையென்றாலும் கைத் தசையை விட்டுவிடாதீர்கள். கையும் காலும் சேர்ந்து விழுந்தால் மருந்தோ அழுத்தமோ காரணமாக இருக்கலாம், கால் மட்டும் விழுந்தால் சந்தேகம் சத்திரசிகிச்சை இடத்தின் மேல். ஒப்பிடக் கை இல்லாவிட்டால் இதைப் பிரித்தறிய வழியில்லை.

கோஸ் சுருளை வைத்ததோடு விட்டுவிடக் கூடாது. ஆளைக் கவிழ்த்துக் கிடத்தும்போது அது நழுவும். கவிழ்த்த பிறகு விரலாலும் டோர்ச் வெளிச்சத்தாலும் பாருங்கள்: நாக்கு நடுவில் இருக்க வேண்டும், முன்பல்லுக்கு வெளியே நீட்டியிருக்கக் கூடாது, சுவாசக் குழாய் கடைவாய்க்குள் அகப்பட்டிருக்கக் கூடாது. நீண்ட சத்திரசிகிச்சையில் முகம் வீங்க வீங்க நாக்கும் வீங்கும், மணிக்கொரு தடவை பார்ப்பது அதனால்தான்.

துடிப்புக் கொடுக்குமுன் உரக்கச் சொல்ல வேண்டும். நுணுக்குக்காட்டியின் கீழ் கத்தரிக்கோல் நரம்பில் இருக்கும் நேரம் உடம்பு துள்ளினால், கண்காணிப்பே காயத்துக்குக் காரணமாகிவிடும்.

முண்ணாணுக்குள் உள்ள கட்டி என்றால் டி அலையையும், அதாவது தலையில் கொடுத்த துடிப்பு தசையை அடையுமுன் முண்ணாணின் அசைவுப் பாதையில் இறங்கும் அலையையும், சேர்த்து எடுப்பது பெரிய உதவி. முண்ணாண் உறையின்மேல் வைத்த மெல்லிய மின்வாய் அதைப் பதியும். தசை அலை மறைந்தும் டி அலை பாதிக்குமேல் நின்றால், விழித்ததும் காணும் தளர்ச்சி பெரும்பாலும் நாளடைவில் திரும்பிவிடும். டி அலையும் பாதிக்குக் கீழே போனால் நிறுத்த வேண்டிய இடம் அது.

திருகாணியைச் சோதிக்கும் ஓட்டம் எவ்வளவு?

நாரிப் பகுதித் திருகாணிக்கு 0.2 மில்லிசெக்கன் துடிப்பு. 10 மில்லியம்பியருக்கு மேல் கொடுத்த பிறகே கால் தசை துள்ளினால் எலும்புச் சுவர் முழுமையாக இருக்கிறது என்று எடுக்கலாம். 5க்குக் கீழே துள்ளினால் திருகாணி நரம்பைத் தொட்டிருக்கக்கூடும், எடுத்துப் பார்க்க வேண்டும். இடைப்பட்டது என்றால் துளையை ஆய்கோலால் தடவிப் பார்த்து, எக்ஸ்-கதிரிலும் பாருங்கள்.

பொய்யான நிம்மதி வரும் இடங்கள் சில. அசையும் தலையுள்ள திருகாணியில் தலையைத் தொட்டால் ஓட்டம் தண்டுக்குப் போகாமல் விடலாம், ஆகவே தண்டையே தொட வேண்டும். குழியில் இரத்தமோ சேலைனோ தேங்கியிருந்தால் ஓட்டம் அதற்குள் ஒழுகும். நெடுநாள் நசிந்த நரம்பு வேர் எழும்ப வழமையைவிட அதிக ஓட்டம் வேண்டும். தசைத்தளர்வு மருந்து மிச்சமிருந்தால் சோதனைக்கே பொருளில்லை.

மயக்க மருந்தில் என்ன கவனம்?

மூச்சால் கொடுக்கும் மயக்க வாயுக்கள் அலைகளை, முக்கியமாக எம்.ஈ.பியை, அமுக்கிவிடும். ஆதலால் புரோபோஃபோலும் ரெமிஃபென்ரனிலும் நாளத்தால் சீராக ஓடவிடுவது முதல் தெரிவு. வாயு தேவைப்பட்டால் அரை மக் (மயக்க வாயுவின் செறிவை அளக்கும் அலகு) அளவைத் தாண்டாமல், ஏற்றி இறக்காமல். நைட்ரஸ் ஒட்சைட்டைத் தவிருங்கள். தசைத்தளர்வு மருந்து குழாய் போடும்போது மட்டும். பிறகு, அந்த மருந்து மிச்சமிருக்கிறதா என்று பார்க்கும் நாலு துடிப்புச் சோதனையில் நான்கு துடிப்புக்கும் தசை துள்ளியபின்தான் எம்.ஈ.பியின் தொடக்க அளவை எடுக்க வேண்டும். மயக்க மருந்து நிபுணர் இடையில் ஒரு மருந்தைக் கூட்டிக் கொடுத்தால், என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று திரை பார்ப்பவரிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்ட 5 மில்லிலீற்றர் புரோபோஃபோல் பத்து நிமிடத்தில் ஒரு பொய் எச்சரிக்கையாகத் திரும்பி வரும்.

உடம்பு குளிர்ந்தால் தாமதம் கூடும். இரத்த அழுத்தம் இறங்கினால் உயரம் குறையும்.

திரையில் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல். எங்கே தேடுவது?

முதலில் மின்தடை. ஊசியொன்று கழன்றிருக்கும். அடுத்து, கட்டிலின் மோட்டர், சேலைன் சூடாக்கி, போர்வைக்குள் காற்று ஊதும் சூடாக்கி, நுணுக்குக்காட்டி, யாரோ சுவரில் செருகிய தொலைபேசிச் சார்ஜர். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள், ஓவ் செய்தால் மட்டும் போதாது, பிளக்கையே கழற்ற வேண்டும். சோடி வயர்களை ஒன்றோடொன்று முறுக்கி விடுங்கள். மின்வெட்டில் ஜெனரேற்றர் எடுக்கும் வரை தாங்கக்கூடிய யு.பி.எஸ் இயந்திரத்துக்கு இருக்க வேண்டும், ஏனென்றால் திரும்பத் தொடங்கும் நேரத்தில் கண் மூடியது போல்தான்.

அலை விழுந்துவிட்டது. அடுத்து என்ன?

உரக்கச் சொல்லுங்கள்: எந்த அலை, எந்தப் பக்கம், எவ்வளவு, எப்போதிலிருந்து. "ஏதோ மாறுது போல" என்று முணுமுணுத்தால் யார் காதிலும் ஏறாது. சத்திரசிகிச்சை நிற்க வேண்டும், இசை ஓடினால் அணைக்க வேண்டும். பிறகு மூன்று பேரும் ஒரே நேரத்தில் தங்கள் பக்கத்தைப் பார்க்கிறார்கள்.

திரை பார்ப்பவர் ஊசி, வயர், மின்தடையைப் பார்த்து, மறுபடி ஒரு பதிவு எடுப்பார். மயக்க மருந்து நிபுணர் கடைசியாகக் கொடுத்த மருந்தைச் சரிபார்த்து, சராசரி இரத்த அழுத்தத்தை 85க்கு மேல் உயர்த்தி, ஹீமோகுளோபின், உடல் வெப்பம், ஒட்சிசன் எல்லாவற்றையும் பார்ப்பார். சத்திரசிகிச்சை நிபுணர் கடைசியாகச் செய்ததைத் திருப்புவார்: இழுப்பைத் தளர்த்துவார், கடைசித் திருகாணியைக் கழற்றுவார், மூளையை விலக்கிய கரண்டியை எடுப்பார், குழாய்க் கவ்வியைத் திறப்பார், இளஞ்சூடான சேலைனால் கழுவுவார். அநேக வேளைகளில் சில நிமிடங்களில் அலை திரும்பும். திரும்பாவிட்டால் ஆளை எழுப்பிப் பார்ப்பது, அல்லது அன்றோடு மூடிவிட்டு இன்னொரு நாள் தொடர்வது.

ஒரு கை அலை மட்டும் மெதுவாக இறங்கினால் முதுகைப் பார்க்குமுன் கையைப் பாருங்கள். கவிழ்ந்து கிடப்பவரின் கை பலகையில் தோளுக்குமேல் அதிகம் தூக்கியிருக்கும், அல்லது முழங்கை விளிம்பில் நசியும். கையை இறக்கி முழங்கைக்குக் கீழ் பஞ்சணை வைத்தால் அலை எழும்பி வரும். இதைப் பிடிக்காமல் விட்டிருந்தால் அந்த ஆள் விழிக்கும்போது முதுகு சரியாகி, கை விறைத்திருக்கும்.

கண்காணிப்பு இருந்தால் பக்கவாதம் வராது என்று எடுக்கலாமா?

அப்படி யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம். 1995இல் நியூவர் குழுவினர் 51,263 முள்ளந்தண்டு சத்திரசிகிச்சைகளின் விபரத்தைத் திரட்டி வெளியிட்டபோது, அனுபவமுள்ள கண்காணிப்புக் குழு இருந்த இடங்களில் நரம்புப் பாதிப்பு மற்ற இடங்களைவிடப் பாதிக்கும் குறைவாக இருந்தது. அது நிபுணர்களிடம் கேட்டுத் திரட்டிய கணக்கு என்பதையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

எஸ்.எஸ்.ஈ.பி பார்ப்பது முண்ணாணின் பின்பக்கத்தை. முன்பக்கக் குருதிக்குழாய் அடைபட்டால், அலை நன்றாக இருக்கும்போதே கால் அசைவு போயிருக்கலாம், அதனால்தான் எம்.ஈ.பியும் வேண்டும். ஒரு தனி நரம்பு வேரின் காயம் இரண்டுக்கும் தப்பிவிடலாம். கழுத்துச் சத்திரசிகிச்சைக்குப் பின் ஓரிரு நாள் கழித்துத் தோள் தூக்க முடியாமல் போவது, பிறகு ஊறிய இரத்தம் அழுத்துவது ஆகியவை நடக்கும் நேரம் ஊசிகள் கழற்றப்பட்டிருக்கும்.

விழித்ததும் எதைச் சோதிப்பார்கள்?

கை, கால், முகம், பேச்சு. அறிக்கையில் உள்ள கடைசி அலையோடு இது பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். நாக்கு எரிந்தால் சொல்லுங்கள், சின்னக் கடியென்றால் சில நாளில் ஆறும். ஊசிகளை எண்ணி வைத்தது போலவே எண்ணி எடுக்க வேண்டும், போர்வை மடிப்பில் விட்ட ஊசி தாதியின் கையைக் குத்தும். கண்காணிப்பு அறிக்கையின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். இன்னொரு சத்திரசிகிச்சை வந்தால் அதுவும் பயன்படும், திருகோணமலைப் பொது வைத்தியசாலையில் பிசியோதெரபி தொடங்கும்போதும் எந்தத் தசை எப்படி இருந்தது என்று தெரியும்.

வீட்டுக்கு வந்தபின் எதற்கு ஓட வேண்டும்?

விட்டனுப்பும்போது இருந்ததைவிடக் கை கால் தளர்ந்தால், சிறுநீர் போகாமல் வயிறு ஊதினால், மலம் தெரியாமல் போனால், இருக்கும் இடம் விறைத்தால், காயத்திலிருந்து தண்ணீர் போல வடிந்தால், காய்ச்சலோடு கழுத்து இறுகினால், பேச்சுக் குழறினால், வலிப்பு வந்தால் கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம். 1990க்கு அழைத்துச் சுவசெரிய அம்புலன்சில் கிட்டிய வைத்தியசாலைக்கு உடனே போங்கள். கிளினிக் கொப்பியும் கண்காணிப்பு அறிக்கையும் ஒரே பையில் கதவருகே தொங்கட்டும். போகும் வழியில் ஒன்றும் குடிக்கவோ சாப்பிடவோ கொடுக்க வேண்டாம், மறுபடி தியேட்டருக்குப் போக நேரலாம். எத்தனை மணிக்கு மாற்றம் தொடங்கியது என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.